கருணை கட்டிய சிறை

ஜப்பான் நாட்டின் ஓக்காயாமா மாகாணக் கரையை ஒட்டி, செட்டோ உள்நாட்டுக் கடலிலே நாகஷிமா என்றொரு தீவு இருக்கிறது. நீண்ட தீவு என்பது அப்பெயரின் பொருள். கடல் மிகக் குறுகும் இடத்தில் கரைக்கும் தீவுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 30 மீட்டர்தான். இக்கரையில் நின்று கூவினால் அக்கரையில் நிற்பவர் செவியில் விழும். அந்த 30 மீட்டர்க் கடலை நடந்து கடக்க, அத்தீவில் வாழ்ந்த மக்களுக்கு 58 ஆண்டுகள் ஆயின. 1930-இல் அங்கே அரசின் தொழுநோய்க் காப்பகம் எழுந்தது. 1988 மே மாதத்திலேதான் பாலம் வந்தது. 185 மீட்டர் நீளமுள்ள அப்பாலத்தை மனிதரை மீட்ட பாலம் என்று அவர்கள் அழைத்தனர்.

பாலம் கட்டும் அறிவு இல்லாத நாடா ஜப்பான்? 1964-இலேயே உலகம் வியக்கும் விரைவு இரயிலை ஓடவிட்ட நாடு! அதே ஓக்காயாமா மாகாணத்திலிருந்து, அதே உள்நாட்டுக் கடலின் மீது, 9 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைத் தாண்டி ஷிக்கோக்குத் தீவை எட்டும் செட்டோப் பெரும்பாலத்தை 1988 ஏப்ரலிலே திறந்து வைத்த நாடு! அப்படிப்பட்ட நாட்டிலே 30 மீட்டரைக் கடக்க ஏன் அத்தனை காலம்?

கடல் தடுக்கவில்லை, சட்டம் தடுத்தது. அச்சட்டத்தின் முகத்திலே கொடுமை என்று எழுதப்பட்டிருந்தால் அது விரைவில் வீழ்ந்திருக்கும். கருணை என்று எழுதப்பட்டிருந்தது. ஆகவேதான் அது 89 ஆண்டுகள் நின்றது. வரலாறு கற்பிக்கும் பணியிலே இருக்கும் நாம், போர்களையும் முடிசூட்டுகளையும் கரும்பலகையில் எழுதுகிறோம். நோயுற்றோரை ஒரு நாடு எப்படி நடத்திற்று என்பதும் வரலாறுதான். அதனையும் ஒருமுறை எழுதிப் பார்ப்போம்.

பழைய அச்சமும் புதிய அச்சமும்

தொழுநோய் ஒரு நுண்ணுயிரால் வருவது. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-இல் அதனைக் கண்டறிந்தார். அதற்கு முன் ஜப்பானியர் இந்நோயை முற்பிறவித் தீவினையின் பயன் என்றனர். குலவழியே இறங்கும் கறை என்றும் கூறினர். நோயாளி இருந்த வீட்டில் பெண் கொள்ளார், பெண் கொடார். எனவே நோயுற்றவர், உடன்பிறந்தாரின் வாழ்வு கெடாதிருக்க, இரவோடிரவாகத் தாமே வீட்டைவிட்டு நீங்கினர். கோயில் வாயில்களிலும் புனிதப் பயணப் பாதைகளிலும் பிச்சையேற்று வாழ்ந்து மடிந்தனர்.

நுண்ணுயிர் கண்டறியப்பட்ட அன்றே தீவினைக் கதை செத்திருக்க வேண்டும். அறிவு வந்த இடத்திலே அச்சம் நிற்கலாகாது அன்றோ? ஆனால் நடந்தது வேறு. குலக்கறை என்ற பழைய அச்சம் எழுந்து போகாமலே, கொடிய தொற்று என்ற புதிய அச்சம் வந்து அதன் பக்கத்திலே அமர்ந்துகொண்டது. இந்நோய் எளிதில் தொற்றாதது; மாந்தருள் மிகப் பெரும்பாலோர் உடலுக்கு அதனை வெல்லும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. அந்த உண்மை மட்டும் வாசலிலேயே நிறுத்தப்பட்டது.

1905-இல் ரஷ்யாவை வென்ற ஜப்பான், உலக வல்லரசுகளின் வரிசையிலே நாற்காலி தேடிக்கொண்டிருந்தது. குமாமோட்டோவிலே கோயிலருகே கூடிக்கிடந்த நோயாளிகளைக் கண்டு உளம் நொந்து, ஹன்னா ரிடெல் என்ற ஆங்கில அம்மையார் 1895-இல் அங்கே மருத்துவமனை ஒன்று நிறுவியிருந்தார். அயல்நாட்டார் வந்து நம் நோயாளிகளைப் பேணுவதா என்ற நாணம் ஆட்சியாளரைச் சுட்டது. நோயைத் தீர்க்க வேண்டும் என்ற எண்ணத்தைவிட, நோயாளியைக் கண்மறைவாக்க வேண்டும் என்ற எண்ணமே முந்தியது. 1907-இல் முதற்சட்டம் பிறந்தது. தெருவிலே திரியும் நோயாளிகளைப் பிடித்து அடைக்க 1909-இல் ஐந்து காப்பகங்கள் திறக்கப்பட்டன. 1916-இல் சட்டம் திருத்தப்பட்டு, காப்பகத் தலைவருக்கே தண்டிக்கும் அதிகாரமும் வழங்கப்பட்டது. மருத்துவர், காவலர், நீதிபதி ஆகிய மூவரும் ஒரே ஆள் ஆயினர்!

அந்த ஆளின் பெயரும் வரலாற்றிலே உண்டு: மிட்சுடா கென்சுகே. தம் வாழ்நாளை இந்நோய்க்கே ஈந்தவர், செல்வம் சேர்க்காதவர். நோயாளியைத் தொடவும் பிற மருத்துவர் கூசிய நாளிலே தொட்டு மருத்துவம் செய்தவர். அதனை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் நோயாளிகள் அனைவரும் சாகும்வரை தனித்து வைக்கப்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. 1930-இல் நாகஷிமாவிலே தோன்றிய ஐசெய்யென் காப்பகத்திற்கு அவரே முதல் தலைவர். தாமே தந்தை, நோயாளிகளெல்லாம் மக்கள், காப்பகமே குடும்பம் என்பது அங்கே நிலவிய பேச்சு.

ஊரே வேட்டையாடியது

1931-இல் சட்டம் இன்னும் விரிந்தது. தெருவிலே திரிபவர் மட்டுமல்லர், தம் வீட்டிலே தம் சோற்றை உண்டு வாழ்பவரும் அடைக்கப்பட வேண்டும் என்றது. தொழுநோயாளி இல்லாத மாகாணம் என்ற பெயரிலே இயக்கம் ஒன்று நாடெங்கும் பரவியது. எந்த மாகாணம் தன் நோயாளிகளை முற்றாக அனுப்பிவிடுகிறதோ அதற்குப் பெருமை! அண்டை வீட்டார் காட்டிக்கொடுத்தனர், காவலர் வந்தனர், ஊரார் பார்த்திருக்க வீடு முழுவதும் மருந்து தெளிக்கப்பட்டது. நோயாளி ஒருவர் போனார். ஆனால் அந்த மருந்து நாற்றம் அவ்வீட்டைவிட்டுப் போகவே இல்லை. அண்ணனின் திருமணம் நின்றது. தங்கை புகுந்த வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டாள். குமாமோட்டோவின் கோயிற்பக்கத்துக் குடியிருப்பை 1940 ஜூலையிலே காவலர் வைகறையில் சூழ்ந்து, 157 பேரை அள்ளிச் சென்றனர்.

இவ்வளவும் எதன் பெயரால்? அருளின் பெயரால்! பேரரசர் தாயார் தெய்மெய் நோயாளிகள்மீது இரக்கம் கொண்டு பொருள் வழங்கினார். அவர் நன்கொடையை அடிப்படையாகக் கொண்டு 1931-இல் தொழுநோய்த் தடுப்புக் கழகம் தோன்றியது. அவர் பிறந்தநாள் தடுப்பு நாளாகக் கொண்டாடப்பட்டது. அவர் இயற்றிய பாடல் காப்பகங்களிலே கல்லிலே பொறிக்கப்பட்டது. நோயாளிகள் அதன்முன் தலைவணங்கினர். அந்த அம்மையாரின் இரக்கத்தைப் பொய் என்று நாம் கூறவில்லை. இரக்கம் மெய்யாகவே இருக்கலாம். ஆனால் அருள் பெற்றவன் நன்றி கூறவேண்டும். நன்றி கூறுபவன் கணக்குக் கேட்கக் கூடாது என்பது எழுதாச் சட்டம். வாயடைக்கப் பூட்டைவிட நன்றிக்கடன் வலிது.

உள்ளே

தீவிலே இறங்கிய நோயாளியை முதலில் மருந்து கலந்த நீரிலே குளிப்பாட்டினர். கையிலிருந்த பணத்தை வாங்கிக்கொண்டு, காப்பகத்துக்குள் மட்டுமே செல்லும் காசைக் கொடுத்தனர். வெளியே செல்லாத காசு இருந்தால் வெளியே செல்லும் எண்ணம் வராது அல்லவா? பிறகு, பெயரை மாற்றிக்கொள்கிறாயா என்ற கேள்வி. வீட்டாரின் மானத்தைக் காக்கப் பெரும்பாலோர் மாற்றிக்கொண்டனர். தாய் இட்ட பெயரைத் துறைமுகத்திலே இறக்கிவைத்துவிட்டு, எவரோ ஆகி உள்ளே நடந்தனர்.

காப்பகம் எனப்பட்ட அவ்விடத்தை நடத்தியவர்கள் யார்? நோயாளிகளே! நிலம் உழுதனர், மண் சுமந்தனர், நோய் முற்றியவரைப் பேணினர், இறந்தவரை எரித்தனர். பணியாளர் தொகை போதவில்லை. மருத்துவம் பெற வந்தவர் தொழிலாளராயினர். இந்நோய் நரம்பைத் தாக்கி உணர்ச்சியைப் போக்கிவிடுகிறது. சுட்டாலும் தெரியாது, வெட்டுப்பட்டாலும் தெரியாது. அப்படிப்பட்ட கையிலே மண்வெட்டியைக் கொடுத்தால் என்ன ஆகும்? கை அழுகித் தானே விழுகிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, 1940-களின் இறுதியிலிருந்து நம் வேலூரிலே மருத்துவர் பால் பிராண்டு செய்த ஆய்வு, உணர்ச்சியிழந்த கைகால்கள் அறியாமற்படும் காயங்களாலேயே பெரும்பாலும் சிதைகின்றன என்பதைத் தெளிவாக்கியது. மடங்கிப்போன விரல்களை அறுவை மருத்துவத்தால் அவர் நிமிர்த்தியும் காட்டினார். ஜப்பானின் காப்பகங்களிலே எத்தனையோ பேர் விரல் இழந்தது நோயினால் மட்டுமன்று, அங்கே அவர்கள்மீது சுமத்தப்பட்ட வேலையினாலும்தான்.

ஆணும் பெண்ணும் மணந்துகொள்ளலாம்; ஆனால் பிள்ளை பெறலாகாது. 1915 முதலே திருமணத்திற்கு முன்நிபந்தனையாக ஆணுக்குக் கருத்தடை அறுவை செய்யும் வழக்கத்தை மிட்சுடா தொடங்கிவைத்தார். அதற்குச் சட்டத்தின் துணை அன்று இல்லை. 1948-இலே மரபுமேன்மைச் சட்டம் வந்து அதனையும் வழங்கிற்று. அதன்பின் தொழுநோயைக் காரணம் காட்டிச் செய்யப்பட்ட கருத்தடைகள் 1,400-க்கும் மேல். கருக்கலைப்புகள் 3,000-க்கும் மேல். பிறக்கவிடாமல் எடுக்கப்பட்ட சிசுக்களுள் 114 உடல்கள் கண்ணாடிக் குடுவைகளிலே பாதுகாக்கப்பட்டுக் கிடந்ததை 2005-இல் ஆய்வுக்குழு வெளிப்படுத்தியது. தாய்மாருள் சிலர் அப்போதும் உயிரோடிருந்தனர்.

இவற்றையெல்லாம் அவர்கள் வாய்மூடி ஏற்றனரா? இல்லை. 1936 ஆகஸ்டிலே நாகஷிமாவின் நோயாளிகள் வேலைநிறுத்தம் செய்து, தம்மைத் தாமே ஆளும் உரிமை கேட்டனர். உணவு, உடை, வேலைக்குக் கூலி இவற்றோடு உரிமையும் கேட்ட அந்தக் குரல், அருளுக்கு எதிராக எழுந்த முதற்குரல்களுள் ஒன்று. அதற்கு விடையாக வந்தது எது? 1938-இல் குசாட்சு மலையிலே உள்ள காப்பகத்தில் நாடு முழுவதற்குமான தண்டனைக்கூடம் ஒன்று கட்டப்பட்டது. அதன் பெயர் சிறப்பு நோயாளர் அறை! மருந்தும் இல்லை, மருத்துவரும் இல்லை. பனிக்காலத்தில் நீர் உறையும் குளிரிலும் கணப்பு இல்லை. முறைமன்றம் விசாரிக்கவில்லை, காப்பகத் தலைவர் சொன்னார், அடைத்தனர். 1947-இல் அது வெளிச்சத்துக்கு வந்து மூடப்படும்வரை அங்கே அடைக்கப்பட்டோர் 93 பேர். அவர்களுள் மாண்டோர் 23 பேர்.

மூன்று மூடநம்பிக்கைகள்

அன்றைய மருத்துவம் அறிந்தது அவ்வளவுதான், காலத்தின் குறைக்கு மனிதரைப் பழிக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு ஒருவரைக் காட்டுகிறோம். கியோட்டோப் பல்கலைக்கழகத்தின் மருத்துவர் ஒகசவாரா நோபோரு. 1931-இலே, ஊரெல்லாம் வேட்டை தொடங்கிய அதே ஆண்டிலே, தொழுநோய் பற்றி மூன்று மூடநம்பிக்கைகள் உள்ளன என்று அவர் எழுதினார். இது தீராத நோய் என்பது ஒன்று; குலவழியே வருவது என்பது இரண்டு; கடுமையாகத் தொற்றும் என்பது மூன்று. மூன்றும் தவறு என்றார். நோயாளிகளைத் தீவுக்கு அனுப்பாமல், பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வந்துபோகும் புறநோயாளிகளாகவே வைத்து மருத்துவம் செய்தார். அவர்களைக் காட்டிக்கொடுக்காதிருக்கும் பொருட்டு ஏடுகளிலே வேறு நோயின் பெயரை எழுதினார்.

1941-இல் ஒசாக்காவிலே கூடிய மருத்துவர் மாநாட்டிலே அவரை எழுப்பி நிறுத்தி எதிர்த்தனர். செய்தித்தாள்களும் தாக்கின. அவர் தம் மருத்துவத்தை விடவில்லை. அறிவு அன்று இல்லாமல் இல்லை. ஓர் எளிய மருத்துவரின் மேசைமீது இருந்தது. பெரும்பான்மை அதனைப் பார்க்க மறுத்தது.

1943-இல் அமெரிக்காவின் கார்வில் காப்பகத்திலிருந்து நற்செய்தி வந்தது. புரோமின் என்ற மருந்து நோயைத் தணிக்கிறது! போர் முடிந்ததும் 1946-இல் தோக்கியோப் பல்கலைக்கழகத்தின் இஷிதாத்தே மோரிசோ அதனைத் தம் ஆய்வகத்திலேயே உருவாக்கினார். மருந்து எல்லோர்க்கும் கிடைக்கவில்லை. நோயாளிகள் ஒன்றுகூடிப் போராடி, 1949-இல் அரசின் வரவுசெலவுத் திட்டத்திலே அதற்குப் பணம் ஒதுக்கச் செய்தனர். புதிய அரசமைப்பு 1947-இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. மனித உரிமை அதிலே எழுதப்பட்டுவிட்டது. இனி என்ன? நோய்க்கு மருந்து வந்துவிட்டது. நாட்டுக்குக் குடியாட்சி வந்துவிட்டது. கதவு திறக்க வேண்டியதுதானே?

1951-இல் மிட்சுடா உள்ளிட்ட மூன்று காப்பகத் தலைவர்கள் நாடாளுமன்றக் குழுவின்முன் சான்று கூறினர். கட்டாயம் இன்னும் வலுப்பட வேண்டும் என்பதே அவர்கள் கருத்து. அதே ஆண்டு மிட்சுடாவுக்கு நாட்டின் உயரிய பண்பாட்டு விருது வழங்கப்பட்டது. நோயாளிகள் உண்ணாநோன்பிருந்தனர், நாடாளுமன்றத்தின்முன் அமர்ந்தனர். ஆனால் 1953 ஆகஸ்டிலே புதிய சட்டம் நிறைவேறியது. பெயர்தான் புதிது. எவ்வாறு சேர்ப்பது என்று அச்சட்டம் கூறிற்று. எவ்வாறு விடுவிப்பது என்று ஒரு வரியும் கூறவில்லை. 1956-இல் உரோமிலும், 1958-இல் அவர்கள் தலைநகர் தோக்கியோவிலேயும் கூடிய உலக மாநாடுகள் கட்டாயத் தனிமையைக் கைவிடுமாறு கூறின. விருந்தினர் சொன்னதை வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார், அவ்வளவே!

பள்ளி வாயிலிலே

ஆசிரியப்பணி செய்யும் நமக்கு, இவ்வரலாற்றிலே மறக்க இயலாத இடங்கள் இரண்டு. இரண்டும் பள்ளிகள்.

குமாமோட்டோவிலே, பெற்றோர் காப்பகத்திலிருக்க, நோயற்ற பிள்ளைகள் தனி விடுதியிலே வளர்ந்தனர். 1954-இல் அவர்களுள் நால்வர் அருகிலுள்ள தொடக்கப்பள்ளியின் முதல் வகுப்பிலே சேர வந்தனர். உடலிலே நோய் இல்லை; மருத்துவச் சான்று இருந்தது. ஆயினும் மற்றப் பெற்றோர் திரண்டு மறித்தனர். தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தனர். நால்வர்! ஆறேழு அகவைக் குழந்தைகள்! எழுத்தறியும் முன்னே தம்மை ஊர் வெறுக்கிறது என்பதை அவர்கள் அறிந்தனர். இறுதியிலே உள்ளூர்க் கல்லூரித் தலைவர் ஒருவர் அவர்களைத் தம் பொறுப்பில் ஏற்றுப் படிக்க வைத்தார். மறித்தவர்கள் கொடியவர்கள் அல்லர். தம் பிள்ளையை நேசித்த பெற்றோர்களே. அரசே பூட்டி வைத்திருக்கும் நோய் கொடியதாகத்தானே இருக்கவேண்டும் என்று அவர்கள் எண்ணினர். சட்டம் அவர்களுக்கு அதைத்தானே கற்பித்திருந்தது?

மற்றொன்று நாகஷிமாவிலேயே 1955-இல் திறக்கப்பட்ட நீராடா உயர்நிலைப்பள்ளி. நாடெங்குமுள்ள காப்பகங்களின் இளைஞர் தேர்வெழுதி அங்கே வந்தனர். கல்வி கேட்டுப் போராடிப் பெற்ற பள்ளி அது. ஆசிரியர் வெள்ளை அங்கி பூண்டு வகுப்புக்கு வந்தனர். ஆசிரியர் அறைக்குள் மாணவர் நுழையலாகாது. ஐயம் கேட்க வேண்டுமானால் வெளியே நின்று மணியடித்து அழைக்க வேண்டும். மாணவர் தரும் பணத்தை மருந்திட்டுத் தூய்மை செய்தே வாங்கினர். 1987-இல் மூடப்படும்வரை 307 பேர் அங்கே படித்துத் தேறினர். பல்கலைக்கழகம் சென்றோரும் வெளியுலகிலே தொழில் செய்து வாழ்ந்தோரும் அவர்களுள் உண்டு.

அந்த மணியை நாம் எண்ணிப் பார்க்கிறோம். அப்பள்ளியின் ஆசிரியர் சிலர் அன்புடையவராகவே இருந்திருப்பர். ஆனால் மணி அங்கேயே தொங்கியது. பாடத்திலே உயிரியலும் இருந்திருக்கும். நோய் எளிதில் தொற்றாது என்பதை ஆசிரியர் அறிந்தும் இருப்பார். அறிந்ததை நடத்தையிலே காட்டாத கல்வி, கரும்பலகையிலே எழுதி அழிக்கும் சுண்ணத்தூள்தான்.

ஏன் நின்றது சட்டம்?

1960-களிலே காப்பக வாழ்வு மெல்ல மேம்பட்டது. உணவு நன்றாயிற்று, வீடுகள் நன்றாயின, வெளியே சென்று வருவதும் கண்டும் காணாமல் விடப்பட்டது. சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. 1972 முதல் சுகாதார அமைச்சகத்திலே காப்பகப் பிரிவின் தலைவராக இருந்த ஒதானி புஜியோ நோயாளிகளின் நண்பர். அவர்கள் நலனுக்காக நிதி தேடித்தந்தவர். சட்டம் இருந்தால்தான் அதைக் காட்டி நிதி பெறலாம்; முதலில் வாழ்வை மேம்படுத்துவோம், சட்டத்தைப் பின்னர்ப் பார்ப்போம் என்று கருதினார். பின்னாளில் அதுவே தம் பெருந்தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். சட்டத்தை நீக்கப் பாடுபட்டார். அரசுக்கு எதிரான வழக்கிலே முறைமன்றம் ஏறிச் சான்றும் கூறினார். தவறை ஒப்பிய அந்த நேர்மையை நாம் போற்றுகிறோம். ஆனால் அவர் கதையிலே அடங்கியிருக்கும் பாடம் கசப்பானது. நல்லவர்கள் சலுகை தேடிக்கொடுத்துக்கொண்டே இருந்ததால், உரிமை கேட்கும் நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. சிறை வசதியாயிற்று; சிறை என்பது மறந்துபோயிற்று.

1995-இல், காகோஷிமா மாகாணக் காப்பகத்திலிருந்த எழுத்தாளர் ஷிமா ஹிரோஷி, கியூஷு வழக்கறிஞர் அமைப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். மனித உரிமையோடு மிக நெருங்கிய தொடர்புடைய வழக்கறிஞர்கள் இச்சட்டத்தைக் கண்டும் வாளாவிருந்தது ஏன் என்பது அக்கடிதம் எழுப்பிய வினா. உதவி வேண்டி எழுதப்பட்ட கடிதம் அன்று அது. கணக்குக் கேட்ட கடிதம். வழக்கறிஞர்கள் நாணினர், எழுந்தனர். 1996 ஏப்ரலிலே சட்டம் நீக்கப்பட்டது. 1998 ஜூலையிலே 13 பேர் குமாமோட்டோ முறைமன்றத்திலே அரசின்மீது வழக்குத் தொடுத்தனர். முதியவர்கள், கண்பார்வை மங்கியவர்கள், இத்தனை நாள் சோறிட்ட அரசின்மீதா வழக்கு என்று காப்பகத்துக்குள்ளேயே சிலர் கேட்டதையும் தாங்கியவர்கள்.

2001 மே 11-இல் தீர்ப்பு வந்தது. 1960-க்குப் பின்னர்த் தனிமைப்படுத்தத் தேவையே இல்லை. 1965-க்குப் பின்னும் சட்டத்தை நீக்காதிருந்த நாடாளுமன்றத்தின் செயலின்மை சட்டத்துக்கு மாறானது என்றது மன்றம். தலைமை அமைச்சர் கொய்சுமி மே 23-இல் மேல்முறையீடு செய்வதில்லை என முடிவெடுத்தார். அரசு மன்னிப்புக் கேட்டது. இழப்பீட்டுச் சட்டமும் வந்தது. 1907 முதல் 1996 வரை வணங்கி வாழ வைக்கப்பட்டவர்கள், முதன்முறையாக நிமிர்ந்து நின்று பெற்ற ஒன்று அது.

இரக்கத்தின் உரைகல்

கதை அங்கே முடிந்திருந்தால் நாமும் மகிழ்ந்து எழுதுகோலை வைத்திருப்போம். 2003 நவம்பரிலே, குமாமோட்டோ மாகாணத்து வெந்நீரூற்று விடுதி ஒன்று, காப்பகத்து முதியோர் தங்க வருவதை அறிந்து இடம் மறுத்தது. நோய் நீங்கிப் பல பத்தாண்டுகள் ஆனவர்கள் அவர்கள். செய்தி பரவியதும் நாடு அவர்கள்பால் இரங்கியது. விடுதியார் வந்து மன்னிப்புக் கூறினர்; அம்மன்னிப்பிலே உள்ளம் இல்லை என்று கூறி முதியோர் ஏற்க மறுத்தனர். உடனே காற்று திசை மாறியது! இகழ்ந்தும் பழித்தும் எழுதிய கடிதங்கள் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் காப்பகத்திலே வந்து குவிந்தன.

இதனை நன்கு கவனியுங்கள். தலைகுனிந்து நின்றவரை இரங்கத்தக்கவர் என்ற அதே நாடு, அவர் தலைநிமிர்ந்து வேண்டா என்று சொன்னதும் சினந்தது. அருள் பெறுவோர் மறுக்கலாகாது என்பது, பேரரசர் தாயாரின் பாடற்கல்லுக்கு முன்னே தொடங்கிய பாடம். சட்டம் நீங்கி ஏழு ஆண்டுகள் கழித்தும் அது நெஞ்சிலிருந்து நீங்கவில்லை.

எனினும் உரிமைக்குரல் ஓயவில்லை. காப்பகங்களுக்குள்ளும் பிற தனி இடங்களிலும் 1948 முதல் 1972 வரை 95 வழக்குகளைப் பொதுமக்கள் கண்ணிலிருந்து விலக்கி விசாரித்ததற்காக 2016-இல் ஜப்பானின் உச்சநீதிமன்றமே மன்னிப்புக் கேட்டது. 2019 ஜூனிலே, நோயாளிகளின் குடும்பத்தார் தொடுத்த வழக்கிலும் அரசு பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. வழக்கிட்ட 561 பேருள் மிகப் பெரும்பாலோர் தம் பெயரை வெளியிட இயலாமல் எண்களாகவே நின்றனர். உடற்குறையுள்ளோரையும் அறிவு வளர்ச்சி குன்றியோரையும் ஏறத்தாழ 25,000 பேர் அளவில் மகப்பேறற்றவராக்கிய மரபுமேன்மைச் சட்டம் அரசமைப்புக்கு மாறானது என்று 2024 ஜூலை 3-இல் உச்சநீதிமன்றம் அறிவித்தது. தாழ்ந்த வழித்தோன்றல் பிறவாது தடுப்பதே நோக்கம் என்று முதற்பிரிவிலேயே வெட்கமின்றிக் கூறிய சட்டம் அது. 1948-இல் பிறந்து 1996-இல் மடிந்தது. இரண்டு சட்டங்களும் ஒரே ஆண்டிலே வீழ்ந்தது தற்செயலாக இருக்கலாம். இரண்டின் வேரும் ஒன்று.

2024-இல் ஜப்பானின் 13 அரசுக் காப்பகங்களிலே எஞ்சியிருந்தோர் ஏறத்தாழ 700 பேர். சராசரி அகவை 88. நோய் அவர்களிடம் இல்லை. செல்வதற்கு வீடும் இல்லை. ஒவ்வொரு காப்பகத்திலும் எரித்த சாம்பலையும் எலும்பையும் வைக்கும் கூடம் ஒன்று உண்டு. நாகஷிமாவின் கூடத்திலே மட்டும் 3,000-க்கும் மேற்பட்டோர் இருக்கின்றனர். செத்த பின்னும் ஊர் ஏற்கவில்லை. குடும்பக் கல்லறையிலே இடம் இல்லை. அவர்களுள் எத்தனையோ பேர் மாற்றுப்பெயரோடே அங்கே உறங்குகின்றனர்.

அம்மாற்றுப்பெயர்களுள் ஒன்றை இலக்கிய உலகம் நன்கறியும்: ஹோஜோ தமியோ. தோக்கியோவின் காப்பகத்திலிருந்து எழுதியவர். கவாபாட்டா யசுனாரியின் துணையோடு 1936-இல் அவர் கதை வெளிவந்து நாட்டை உலுக்கியது. மறு ஆண்டே, 23 அகவையிலே மறைந்தார். நூல்களிலே அவர் பெயர் வாழ்ந்தது. ஆனால் அது அவர் பெயரன்று. அவர் மறைந்து 77 ஆண்டுகள் சென்ற பின்னர், 2014-இல், குடும்பத்தாரின் இசைவோடு அவர் ஊராகிய அனான் நகரிலே வெளிவந்த ஓர் ஏடு அவர் இயற்பெயரை அச்சிட்டது. ஷிச்சிஜோ தெருஜி.

அந்தப் பெயரை வெளியிடுவதற்குப் பணம் தேவைப்படவில்லை, மருந்து தேவைப்படவில்லை, எவர் அருளும் தேவைப்படவில்லை. இவர் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல ஒரு குடும்பம் அஞ்சாதிருந்தது, அதுவே போதியதாயிற்று.